147 பேரும் பீப்பாய்ப் பணமும்

(வரலாற்றுத் தொடர் – பகுதி 9)

கொலம்பியாவின் மெடலின் நகரில், லாஸ் ஒலிவோஸ் பகுதியின் ஒரு வீட்டு ஓட்டுக் கூரை மேல் கோகெய்ன் கடத்தல் முதலாளி பாப்லோ எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டதோடு சென்ற பகுதி முடிந்தது. 1993 டிசம்பர் 2. அவருடைய 44-வது பிறந்தநாள் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கூட இருந்தது ஒரே ஒரு மெய்க்காப்பாளர். அவரும் அங்கேயே செத்தார். ஃபோர்ப்ஸ் பத்திரிகை 1987 முதல் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் உலகக் கோடீஸ்வரர் பட்டியலில் பெயர் போட்ட மனிதருக்குக் கடைசியில் மிஞ்சிய படை அவ்வளவுதான்.

சரி, பணம் எங்கே?

கொலம்பியாவில் அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களில் கணிசமானோர் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்கள். மக்தலேனா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஸ்கோபாருக்கு நாபோலெஸ் என்றொரு பண்ணை இருந்தது. ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர். விமான ஓடுதளம், செயற்கை ஏரிகள், நீர்யானைகள் வரை எல்லாம் உண்டு. அந்த மாளிகையின் சுவர்களை இடித்தார்கள், தரையைப் பெயர்த்தார்கள், நீச்சல் குளத்தைச் சுற்றிக் குழி வெட்டினார்கள். பணம் கிடைக்காதவர்கள் ஓட்டையும் கதவையும் குழாயையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு எலும்புக்கூடானது.

புதையல் தோண்டுவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஸ்பானியர் வருவதற்கு முந்தைய பழங்குடிகளின் கல்லறைகளில் பொன் இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வந்திருக்கிறார்கள். அந்தப் புதையலுக்கு ‘குவாக்கா’ என்று பெயர்; தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ‘குவாக்கெரோ’. புனித வாரத்தில் குவாக்கா இருக்கும் இடத்தில் இரவில் ஒளி தெரியும் என்பது கிராமத்து நம்பிக்கை. போதைப்பொருள் முதலாளிகள் பணத்தை ஒளித்த இடத்துக்கு ‘கலேத்தா’ என்று தனிப் பெயர் வந்தது. பெயர் மாறினாலும் தோண்டும் கை மாறவில்லை.

எஸ்கோபாரின் அண்ணன் ரொபெர்த்தோதான் வரவு செலவு பார்த்தவர். 2009-இல் வெளியான தன் நூலில் அவர் இரண்டு கணக்குகளைச் சொன்னார். அந்த இரண்டும் உலகம் சுற்றிவிட்டன. நோட்டுக் கட்டுகளுக்குப் போட ரப்பர் பேண்ட் வாங்கவே மாதம் 2,500 டாலர் செலவானதாம். எலி தின்றது, ஈரத்தில் அழுகியது, வைத்த இடம் மறந்தது என்று ஆண்டுதோறும் பத்து சதவீதத்தை நட்டக் கணக்கில் எழுதினார்களாம். தம்பியின் புகழை விற்றுப் பிழைத்த அண்ணன் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் எலிக் கணக்கை முழுப் பொய் என்றும் ஒதுக்கிவிட முடியாது. கொஞ்சம் கணக்குப் போட்டால் அது புரியும்.

எந்த மதிப்புள்ள டாலர் நோட்டானாலும் எடை ஏறக்குறைய ஒரு கிராம். தெருவில் கோகெய்ன் வாங்குகிறவன் நூறு டாலர் நோட்டாகவே நீட்டுவதில்லை. 20, 10, 5 என்று கசங்கிய நோட்டுகள்தான் வந்து சேரும். 20 டாலர் நோட்டுகளாக 10 லட்சம் டாலர் என்றால் 50,000 நோட்டுகள், 50 கிலோ. நூறு கோடி டாலர் என்றால் 50 டன். எண்ணெய் வரும் 200 லிட்டர் பீப்பாயில் இடைவெளி இல்லாமல் திணித்தாலும் 20 டாலர் நோட்டுகளில் 35 லட்சத்தைத் தாண்டாது. ஆக, நூறு கோடியைப் புதைக்க ஏறக்குறைய 300 பீப்பாய்கள் வேண்டும். அத்தனை பீப்பாய்களுக்குக் குழி வெட்ட ஆள் வேண்டும், லாரி வேண்டும், வெட்டியவன் வாயை அடைக்க வழி வேண்டும். டாலர் நோட்டு முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன். மெடலினைச் சுற்றியுள்ள அன்டியோக்கியா மலைச்சரிவின் ஈரமண்ணில் ஒழுங்காகப் பொதியாமல் வைத்தால் பூஞ்சை அதைச் சும்மா விடுமா?

இத்தனையும் தெரிந்தும் ஏன் தோண்டுகிறார்கள்? ஒரு காரணம் டாலரின் குணம். 1861-க்குப் பிறகு அமெரிக்க அரசு வெளியிட்ட எந்த நோட்டும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதில்லை. பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்தால், மக்கிய நோட்டைக்கூட வாஷிங்டன் மாற்றித் தருகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்கும், அதுதான் சிக்கல். நோட்டு செல்லாமல் போன 2016 நவம்பர் 8 இரவை அனுபவித்த நம்மவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், கலேத்தா கட்டுக்கதை அல்ல என்பது. 2007 ஜனவரியில் காலி நகரத்தின் சாதாரண வீடுகள் சிலவற்றைப் போலீஸ் குடைந்தபோது, ஹுவான் கார்லோஸ் ராமிரெஸ் அபாடியா என்ற கடத்தல் முதலாளி ஒளித்திருந்த கோடிக்கணக்கான டாலர் ரொக்கமும் தங்கக் கட்டிகளும் வெளியே வந்தன. ஆள் பிரேசிலில் முகத்தையே அறுவை சிகிச்சையில் மாற்றிக்கொண்டு வாழ்ந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் சாவ் பாவுலோ அருகே பிடிபட்டார்.

இன்னும் வலுவான சாட்சி எஸ்கோபாரின் கதையிலேயே இருக்கிறது. அவரை வீழ்த்தியதே ஒரு கலேத்தாதான்.

1991 ஜூன் 19 அன்று அவர் அரசிடம் சரணடைந்தார். கொலம்பியக் குடிமக்களை வேறு நாட்டுக்கு ஒப்படைக்கக்கூடாது என்று அரசியல் நிர்ணய சபை வாக்களித்த அதே நாள். தற்செயல் என்று எவரும் நம்பவில்லை. என்விகாடோ ஊருக்கு மேலே, மலை மீது அவரே இடம் தேர்ந்தெடுத்துக் கட்டிய லா கத்தெட்ரால் சிறையில் அவரை வைத்தார்கள். சிறை என்ற பெயர் அரசுத் தாளில் மட்டும். பால் கேன்களில் பணம் மலையேறியது என்றும், அதை அங்கேயே புதைத்து வைத்தார்கள் என்றும் பேச்சு. வெளியே தொழிலைக் கவனித்த கூட்டாளிகள் ஃபெர்னாண்டோ கலியானோவும் ஹெரார்டோ மொன்காடாவும் மாதந்தோறும் அவருக்குக் கப்பம் கட்டினார்கள்.

1992-இல் எஸ்கோபாரின் ஆட்கள் கலியானோவுக்குச் சொந்தமான ஒரு கலேத்தாவைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே 2 கோடி டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. அதில் ஒரு பகுதி செலவழிக்க ஆளில்லாமல் மக்கிக்கொண்டிருந்தது. எஸ்கோபார் கொதித்தார். நான் சிறையில் இருந்து, நாட்டுக்கு வெளியே ஒப்படைப்பதை எதிர்த்த போரின் செலவைச் சுமக்கிறேன், இவர்கள் பணத்தை அழுக விடுகிறார்களா என்பது அவர் வாதம். ஜூலையில் இருவரையும் மலைக்கு வரவழைத்தார். போனவர்கள் திரும்பவில்லை.

சிறைக்குள்ளேயே கொலை என்ற செய்தி பொகோட்டாவை எட்டியதும், இதுவரை கண்டும் காணாமல் இருந்த அதிபர் செசார் கவிரியாவின் அரசுக்கு வேறு வழியில்லாமல் போனது. எஸ்கோபாரை ராணுவச் சிறைக்கு மாற்ற உத்தரவு. செய்தி சொல்லப் போன துணை அமைச்சரைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, ஜூலை 22 அன்று மலையின் பின்பக்கமாக எஸ்கோபார் நழுவினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் சுற்றி நின்றிருந்தார்கள்.

கொல்லப்பட்ட கூட்டாளிகளின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கலியானோவிடம் வேலை பார்த்த டியெகோ முரில்யோ, பின்னாளில் ‘தொன் பெர்னா’ என்று பெயரெடுத்தவர், ஆயுதக் குழுத் தலைவர்களான ஃபிதெல், கார்லோஸ் கஸ்தான்யோ சகோதரர்களோடு சேர்ந்தார். காலி நகரத்துக் கடத்தல்காரர்கள் பணம் தந்தார்கள். 1993 தொடக்கத்தில் ‘லாஸ் பெப்பெஸ்’ என்ற கூட்டம் பிறந்தது. பாப்லோ எஸ்கோபாரால் பாதிக்கப்பட்டோர் என்று விரிவு. பாதிக்கப்பட்டோர் சங்கம் மனுக் கொடுக்கவில்லை. எஸ்கோபாரின் வழக்கறிஞர்களையும் கணக்கர்களையும் கொன்றது, தாயாரின் பண்ணையை எரித்தது, பழங்கால கார்களின் சேகரிப்பைக் கொளுத்தியது.

இங்கேதான் புதையல் கதைக்குள் அரசாங்க ரகசியம் நுழைகிறது.

எஸ்கோபாரைத் தேடிய கொலம்பியத் தனிப்படைக்குப் பின்னால் அமெரிக்கர்கள் இருந்தார்கள். ‘சென்ட்ரா ஸ்பைக்’ என்ற ராணுவ உளவுப் பிரிவு, சரக்கோ பயணியோ ஏற்றிப் போவதுபோலத் தெரியும் சிறிய பீச்கிராஃப்ட் விமானங்களில் பறந்தபடி தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே வெளியே தெரியாது. பத்திரிகையாளர் மார்க் பௌடன் 2001-இல் எழுதிய நூலால்தான் பொதுமக்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். ஒட்டுக்கேட்ட தகவல் தனிப்படைக்குப் போனது. தனிப்படைக்குத் தெரிந்த முகவரிகளில் மறுநாள் பெப்பெஸ் ஆட்கள் வந்து நின்றது எப்படி? இந்தச் சந்தேகம் அமெரிக்கத் தூதரகத்துக்கே வந்தது. தனிப்படைக்குத் தந்த தகவல் கொலைக் கூட்டத்தின் கைக்குப் போனதா என்று பார்க்க சிஐஏ-வே ஒரு குழுவை அமைத்தது.

இந்த விவரங்கள் 2008-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் வெளியிட்டது. எல்லாம் வரவில்லை, வந்ததிலும் பல இடங்களில் கறுப்புப் பட்டை.

புதையல் தேடுகிறவனுக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. 1992 ஜூலை முதல் 1993 டிசம்பர் வரை ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. எந்த வீட்டுச் சுவரை யார் உடைத்தார்கள், என்ன எடுத்தார்கள் என்று எங்காவது ஒருவர் எழுதி வைத்திருப்பார். எஸ்கோபாரின் கணக்கர் ஒருவர் பெப்பெஸ் கையில் சிக்கிச் சாவதற்கு முன்னால் எதை எதைச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். எஸ்கோபார் செத்த பிறகு, காலி முதலாளிகளின் முன்னால் உட்கார்ந்து சொத்துகளை எழுதிக் கொடுத்துத்தான் உயிர் பிழைத்தோம் என்று அவர் மனைவியும் மகனும் தங்கள் நூல்களில் எழுதியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அள்ளிய பிறகு மிச்சத்தைத்தான் ஊர்மக்கள் நாபோலெஸ் தரையில் தேடினார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் யார் அள்ளினார்கள் என்ற தாள் பூட்டில் இருக்கும்வரை, இன்னும் அள்ளவில்லை என்று நம்புகிறவனை மறுக்க ஆதாரம் கிடையாது. பூதம் காத்த புதையல் என்பார்களே, அந்தப் பூதத்துக்கு இந்தக் கதையில் அலுவலக முத்திரையும் உண்டு.

பூட்டிய கோப்பும் காணாமல் போன பணமும் சேர்ந்த கதை அமெரிக்க மண்ணிலும் ஒன்று உண்டு. அதிலும் எஸ்கோபார் இருக்கிறார், புகைப்படமாக.

லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜைச் சேர்ந்த பாரி சீல் முன்னாள் பயணிகள் விமானி. 1980-களின் தொடக்கத்தில் மெடலின் கூட்டத்துக்காகக் கோகெய்ன் பறக்கவிட்டவர். ஆர்கன்சாஸ் மலைப்பகுதியில் மீனா என்ற சின்ன ஊரின் விமான நிலையம் அவருடைய பட்டறை. வழக்கில் சிக்கியதும், 1984-இல் அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறைக்கு ஒற்றராக மாறினார். ‘குண்டுப் பெண்மணி’ என்று அவர் செல்லப் பெயரிட்ட சி-123 சரக்கு விமானத்தில் சிஐஏ ரகசியக் கேமராக்களைப் பொருத்தியது. அந்த ஜூனில் நிகராகுவாவின் ஓர் ஓடுதளத்தில், கோகெய்ன் மூட்டைகள் ஏற்றப்படும்போது அருகில் எஸ்கோபார் நிற்கும் படம் கிடைத்தது. நிகராகுவாவின் இடதுசாரி அரசைப் போதைக் கூட்டாளி என்று காட்ட அந்தப் படம் வாஷிங்டனில் சிலருக்குத் தேவைப்பட்டது. செய்தி பத்திரிகைக்குக் கசிந்தது. ஒற்றரின் வேடமும் அதோடு கலைந்தது.

1986 தொடக்கத்தில் வருமான வரித் துறை சீலிடம் 2.9 கோடி டாலர் வரி கேட்டுச் சொத்துகளைப் பூட்டியது. வரியே அவ்வளவு என்றால் வருமானம் எவ்வளவு என்று ஊரார் கணக்குப் போடத் தொடங்கினார்கள். பிப்ரவரி 19 மாலை, நீதிமன்ற உத்தரவுப்படி இரவில் தங்க வேண்டிய சால்வேஷன் ஆர்மி விடுதியின் வாசலில், காருக்குள்ளேயே கொலம்பியக் கூலிப்படை அவரைச் சுட்டுக் கொன்றது. பணத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே வாய் மூடியது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அதே குண்டுப் பெண்மணி, கை மாறி, 1986 அக்டோபர் 5 அன்று நிகராகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் கொண்டுபோகும்போது அந்த நாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் குதித்துத் தப்பிய ஒரே ஆள் பிடிபட்டார். அந்தக் கிளர்ச்சிக்காரர்களுக்கு அமெரிக்க அரசு ரகசியமாக உதவிய ஈரான்-கான்ட்ரா ஊழலின் நூல் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கியது. கடத்தல்காரரின் விமானம் அரசின் ரகசிய வேலைக்கு எப்படிப் போனது என்று கேட்ட மீனா மக்களுக்கு 1996 நவம்பரில் சிஐஏ-வின் தலைமை ஆய்வாளர் பதில் தந்தார்: அங்கே போதைக் கடத்தலிலோ பண மோசடியிலோ சிஐஏ-வுக்குத் தொடர்பில்லை; ஆனால் வேறோர் அரசு முகமையோடு இரண்டு வாரக் கூட்டுப் பயிற்சி நடத்தியது உண்டு, விமானப் பராமரிப்பு வேலை சில செய்துகொண்டது உண்டு. ‘ஆனால்’ என்ற அந்த ஒரு சொல் போதாதா? 2017-இல் வந்த ‘அமெரிக்கன் மேட்’ படத்தில் டாம் க்ரூஸ் வீட்டுக் கொல்லையில் டாலரைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு டிஸ்கவரி தொலைக்காட்சியில் இன்னொரு காட்சி. சிஐஏ-வில் வேலை பார்த்து வெளியேறிய இரண்டு பேர், மண்ணை ஊடுருவும் ராடார் கருவியோடு கொலம்பியாவில் எஸ்கோபாரின் கோடிகளைத் தேடினார்கள். அவர்களுடைய பழைய அலுவலகத்தில் கோப்பு பூட்டியிருக்க, அவர்கள் தோட்டத்தில் ராடார் உருட்டியதில் ஒரு நயம் இருக்கத்தான் செய்கிறது.

மயாமி பீச்சில் 1980-இல் எஸ்கோபார் வாங்கி, 1987-இல் அமெரிக்க அரசு பறிமுதல் செய்த இளஞ்சிவப்பு வீட்டின் கதை சுருக்கமானது. 2014-இல் அதை வாங்கிய உணவக முதலாளி, இடிப்பதற்கு முன்னால் புதையல் நிபுணர்களை விட்டுத் தேடினார். ஒரு பெட்டகம் கிடைத்து, கிடைத்த வேகத்தில் காணாமல் போனது. 2016 ஜனவரியில் இடிபாடுகளுக்கிடையே இன்னொன்று கிடைத்தது. இம்முறை வீட்டுக்காரர் விழித்துக்கொண்டு நேரே வங்கிக்குக் கொண்டுபோனார். 2020-இல் எஸ்கோபாரின் உறவினர் ஒருவர், மெடலினில் தான் குடியிருந்த வீட்டுச் சுவருக்குள் 1.8 கோடி டாலர் பையொன்று கிடைத்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். பிணவாடையைவிட மோசமான நாற்றம், நோட்டுகளில் பல எதற்கும் உதவாத நிலை என்றார். அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஆக, தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது குறைவு. தேடாமல் போனவர்களுக்குத்தான் கிடைத்தது.

2003 பிப்ரவரி 13. தெற்குக் கொலம்பியாவின் கக்கெத்தா காட்டின் மேல் பறந்த ஒற்றை எஞ்சின் செஸ்னா விமானம் பழுதாகித் தரையிறங்கியது. உள்ளே நான்கு அமெரிக்கர்கள், ஒரு கொலம்பிய ராணுவ சார்ஜெண்ட். இறங்கிய இடம், அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபார்க் என்ற இடதுசாரி கெரில்லாப் படையின் கோட்டை. ஓர் அமெரிக்கரையும் சார்ஜெண்டையும் சுட்டுக் கொன்றுவிட்டு, மற்ற மூவரைக் கெரில்லாக்கள் பிடித்துச் சென்றார்கள். இவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள் அல்ல. நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள். பென்டகனின் ஒப்பந்தத்தில் வானிலிருந்து கோகா வயல்களையும் கெரில்லா நடமாட்டத்தையும் படமெடுப்பது வேலை. கொலம்பியாவில் எத்தனை அமெரிக்க ராணுவத்தார் இருக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் உச்சவரம்பு வைத்திருந்தது. ஒப்பந்த ஊழியர்களுக்குத் தனி வரம்பு. செத்தாலும் சிக்கினாலும் ராணுவக் கணக்கில் ஏறாத இந்த ஏற்பாட்டின்மேல் வெளிச்சம் படுவதை எவரும் விரும்பவில்லை. தேடப் போன இன்னொரு விமானமும் மார்ச் 25 அன்று விழுந்து மூன்று அமெரிக்கர்கள் செத்தார்கள்.

கொலம்பிய ராணுவம் ஆயிரக்கணக்கில் சிப்பாய்களைக் காட்டுக்குள் இறக்கியது. அவர்களில் கெரில்லா எதிர்ப்புப் படையின் இரண்டு கம்பெனிகளைச் சேர்ந்த 147 பேர் வாரக்கணக்கில் சேற்றிலும் பொறிவெடிகளுக்கு நடுவிலும் நடந்தார்கள். உணவுப் பொட்டலம் ஒழுங்காக வந்து சேரவில்லை. அமெரிக்கர்களின் தடயம் இல்லை.

இந்த இடத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1998 நவம்பர் முதல் 2002 பிப்ரவரி வரை, சமாதானப் பேச்சுக்காக அரசு தன் படையை விலக்கி, சான் விசென்டே தெல் கக்வான் உள்ளிட்ட 42,000 சதுர கிலோமீட்டரை ஃபார்க் வசம் விட்டுவைத்திருந்தது. கேரளத்தைவிடப் பெரிய நிலப்பரப்பு. கோகா விவசாயியிடமும் வாங்குகிற வியாபாரியிடமும் வசூலித்த வரி, ஆள்கடத்தல் பணம் எல்லாம் அங்கே குவிந்தன. கெரில்லாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. பேச்சு முறிந்து விமானங்கள் குண்டு போட வந்தபோது, பணம் மண்ணுக்குள் போனது.

ஏப்ரலில், ஈஸ்டரை ஒட்டிய நாட்களில், கைவிடப்பட்ட ஒரு கெரில்லா முகாமருகே அந்தக் கம்பெனிகள் தங்கின. ஒதுங்கப் போன ஒரு சிப்பாய் தரையில் வெட்டுக்கத்தியைக் குத்த, அது எதிலோ தட்டியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பிளாஸ்டிக் பீப்பாய். உள்ளே கட்டுக் கட்டாகப் பெசோ நோட்டுகள். தோண்டத் தோண்ட இன்னும் பீப்பாய்கள், அவற்றில் டாலரும் இருந்தது. மொத்தம் 1.4 கோடி டாலர் அளவு என்பது முதலில் வந்த கணக்கு. பிறகு அது ஏறிக்கொண்டே போனது.

மேலிடத்துக்குச் சொல்வதா? அதிகாரிகளும் சிப்பாய்களும் கூடிப் பேசினார்கள். சொன்னால் மேலே இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், நமக்கு முதுகில் ஒரு தட்டுதான் மிஞ்சும் என்று முடிவானது. பங்கு பிரிந்தது. பதவிக்கேற்ப, இடத்துக்கேற்ப, அதிர்ஷ்டத்துக்கேற்பப் பங்கு. சிலருக்குக் கை நிறைய, சிலருக்குக் கொசுறு. முதுகுப் பையிலிருந்த துணியையும் தளவாடத்தையும் எறிந்துவிட்டு நோட்டைத் திணித்தார்கள். காட்டைவிட்டு வெளியேறும்வரை பல நாட்கள் கோடீஸ்வரர்களாகப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டாட்டத்தில் லட்சங்கள் கை மாறின. ஒரு பாக்கெட் சாப்பாட்டுக்கு ஊரில் வீட்டு வாடகை கொடுக்கும் தொகை கேட்டார்கள் என்றெல்லாம் பின்னாளில் கதைகள் வந்தன.

பொப்பயான் நகரத்துக்கு ஓய்வுக்கு அனுப்பப்பட்டதும் குட்டு வெளிப்பட்டது. மோட்டார் சைக்கிள், பெரிய டிவி, தங்கச் சங்கிலி, விடுதியில் இரவு முழுவதும் ஆட்டம் பாட்டம். சிப்பாய்ச் சம்பளம் எவ்வளவு என்று அந்த ஊர்க் கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன! பலர் பட்டாளத்துக்குத் திரும்பாமல் ஓடிப்போனார்கள். மே மாதம் ராணுவமே விஷயத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. நாடு சிரித்தது, பாதிப் பேர் சிப்பாய்கள் பக்கம் நின்றார்கள். 2006-இல் ரொட்ரிகோ த்ரியானா இதை வைத்து எடுத்த படம் திரையரங்குகளை நிரப்பியது. கனவு காணக் காசு வேண்டாம் என்ற பொருள்படும் தலைப்பு. ஆஸ்கருக்குக் கொலம்பியா அனுப்பிய படமும் அதுதான்.

நீதிமன்றத்தில் சுவாரசியமான முடிச்சு ஒன்று இருந்தது. அந்தப் பணம் யாருடையது? கொலம்பியக் குடிமைச் சட்டப்படி, பிறர் நிலத்தில் தற்செயலாகக் கிடைத்த புதையலில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி கண்டெடுத்தவருக்கு. ஆனால் சட்டம் சொல்லும் புதையல் என்பது, புதைத்தவர் யார் என்ற நினைவே அழிந்துபோன பழம்பொருள். இங்கே புதைத்தவர்கள் பக்கத்துக் காட்டிலேயே துப்பாக்கியோடு இருந்தார்கள், பறிபோனதற்காகக் கறுவிக்கொண்டும் இருந்திருப்பார்கள். சீருடையில் இருப்பவன் பகைவரிடம் கைப்பற்றியது அரசுக்குச் சேர வேண்டும் என்றது அரசுத் தரப்பு. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் அகப்படவே இல்லை. பணத்தில் மீண்டது சொற்பம்.

அவர்கள் தேடப் போன மூன்று அமெரிக்கர்களும் 2008 ஜூலை 2 வரை ஃபார்க் பிடியில் இருந்தார்கள். தொண்டு நிறுவனத்தார் வேடத்தில் ஹெலிகாப்டரில் போன ராணுவ உளவாளிகள், முன்னாள் அதிபர் வேட்பாளர் இங்கிரித் பெத்தான்கூர் உட்பட 15 பேரை, ஒரு குண்டுகூடச் சுடாமல் மீட்டார்கள்.

மிச்சப் பீப்பாய்கள் என்ன ஆயின? 2016-இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, போரில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர ஃபார்க் தன் சொத்துகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்டில் அரசுக்குப் பட்டியல் வந்தது. நிலம், மாடு, தங்கம், ரொக்கம் எல்லாம் அதில் இருந்தன. கூடவே தரை துடைக்கும் துடைப்பமும் எலுமிச்சை பிழியும் கருவியும் இருந்தன. தலைமை அரசு வழக்கறிஞர் கடுப்பாகிவிட்டார். நாடு மறுபடியும் சிரித்தது. கக்வான் பக்கம் கடப்பாரை விற்பனை அதற்குப் பிறகும் குறைந்திருக்காது.

அரசிடம் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்ட பணமும் பண்ணைகளும் என்ன ஆயின என்பது தனிக் கதை. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்தவற்றைப் பராமரிக்க பொகோட்டாவில் போதைப்பொருள் தேசிய இயக்குநரகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள், நிலங்கள், வண்டிகள் அதன் பொறுப்பில். அந்தச் சொத்துகள் அரசியல்வாதிகளின் வேண்டியவர்களுக்குக் கைமாறிய ஊழல் வெடித்து, 2011-இல் அரசு அந்த அலுவலகத்தையே கலைக்க உத்தரவிட்டது. காட்டில் பீப்பாயைத் தூக்கிய சிப்பாய்களுக்குச் சிறை கேட்ட அதே அரசின் கிடங்கில் எதெல்லாம் காணாமல் போனது என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)